குத்தூசியும் குருட்டு நம்பிக்கையும்

குத்தூசி என்ற சொல்லைக் கேட்டதும், இயக்க ஏடுகளைப் படித்து வளர்ந்தவர்க்கு நினைவில் எழுபவர் சா. குருசாமி. 'விடுதலை' ஏட்டில் அப்புனைபெயரில் அவர் தீட்டிய எழுத்து, மடமை எந்த மூலையில் ஒளிந்திருந்தாலும் தேடிச் சென்று குத்தியது. குத்துப்பட்டவனும் சிரித்தான், சிரித்தபின் சிந்தித்தான்.

இன்று அதே பெயரைத் தாங்கிய வேறோர் ஊசி நம்மிடையே நடமாடுகிறது. அது சீனத்து ஊசி. அக்குபங்சர் என்று உலகம் அழைக்கும் குத்தூசி மருத்துவம். கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரத்து வீதிகள் வரை, அதன் பெருமையைப் பேசும் துண்டறிக்கைகளைக் காண்கிறோம். மருந்தில்லை, மாத்திரையில்லை, பக்க விளைவில்லை, உடலின் ஆற்றலே உடலைக் காக்கும் என்கின்றன அவை. சிலர் ஊசியையும் விட்டுவிட்டனர். விரல் நுனியால் ஓரிடத்தைத் தொட்டாலே போதும் என்கின்றனர்.

இதிலே கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. திருநீற்றில் நோய் தீரும் என்றால் நகைக்கும் நம் இளைஞர் சிலர், ஆற்றல் ஓட்டத்தில் நோய் தீரும் என்றால் தலையசைக்கின்றனர். ஏன்? இங்கே கடவுள் பெயர் இல்லை, மந்திரம் இல்லை, தட்சணைத் தட்டு இல்லை. அதனால் இது அறிவியல் என்று எண்ணிவிடுகின்றனர். தோழர்களே! கடவுள் பெயர் இல்லாத இடமெல்லாம் பகுத்தறிவின் இருப்பிடமாகிவிடாது. ஆகவே இந்தக் குத்தூசியை எடுத்து, அது என்ன, எங்கிருந்து வந்தது, எப்படி வேலை செய்கிறது, எங்கே வேலை செய்யவில்லை என்று முறையாகப் பார்ப்போம். பழிப்பது நோக்கமில்லை, பணிவதும் நோக்கமில்லை.

முதலில் அம்மருத்துவத்தார் சொல்வதை அவர்கள் சொல்லும்படியே கேட்போம். மனித உடலில் 'சி' என்னும் உயிராற்றல் ஓடுகிறது. அது ஓடுவதற்குப் பன்னிரண்டு முதன்மை ஓடுபாதைகள் உண்டு; உடலின் முன்புற நடுவிலும் முதுகின் நடுவிலும் செல்லும் இரண்டு பாதைகளும் அவற்றோடு சேரும். நுரையீரல், பெருங்குடல், இரைப்பை, இதயம், சிறுநீரகம் என ஒவ்வொரு முதன்மைப் பாதைக்கும் ஓர் உறுப்பின் பெயர். இப்பாதைகளின் மேல் அமைந்த புள்ளிகள் 361 என்று இன்றைய வரையறை கூறுகிறது. குளிர்ச்சி, இருள், அமைதி ஆகியவற்றைக் குறிப்பது யின். வெப்பம், ஒளி, இயக்கம் ஆகியவற்றைக் குறிப்பது யாங். இவ்விரண்டும் சமநிலையில் இருந்தால் நலம், குலைந்தால் நோய். மரம், தீ, மண், உலோகம், நீர் என்னும் ஐம்பூதங்கள் ஒன்றையொன்று வளர்த்தும் அடக்கியும் உறுப்புகளை ஆள்கின்றன. மருத்துவர் மணிக்கட்டில் நாடி பார்க்கிறார், நாக்கைப் பார்க்கிறார், ஓட்டம் எங்கே தடைப்பட்டது என்று முடிவு செய்கிறார். மயிரிழைபோல் மெல்லிய எஃகு ஊசியை உரிய புள்ளியில் செருகி, சற்றே திருகி, இருபது முப்பது நிமிடம் விட்டு வைக்கிறார். மாசிப்பத்திரி இனத்து மூலிகையைப் புள்ளியருகே கொளுத்திச் சூடேற்றுவதும் உண்டு. தடை நீங்கும், ஆற்றல் பாயும், நோய் விலகும். இதுவே கோட்பாடு.

கேட்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது. இது கட்டப்பட்ட கதையைக் கேட்டால், அதன் அடித்தளம் தெரியும்.

சீன நாட்டின் சாங்சா நகருக்கருகே, மாவாங்துய் என்னுமிடத்தில், கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறையொன்றை 1973இல் அகழ்ந்தெடுத்தனர். உள்ளே பட்டுத் துணியில் எழுதிய மருத்துவ நூல்கள் கிடைத்தன. அவற்றிலே ஓடுபாதைகள் உண்டு. ஆனால் பதினொன்றே உண்டு. சூடேற்றும் மருத்துவம் பேசப்படுகிறது, ஊசி பேசப்படவில்லை, புள்ளிகளின் வரிசையும் இல்லை. பின்னர் எழுந்த 'மஞ்சள் பேரரசரின் உள்ளியல் நூல்' என்னும் பெருநூலில் பாதைகள் பன்னிரண்டு ஆகிவிட்டன. ஏன் பன்னிரண்டு? நாட்டிலே பெரிய ஆறுகள் பன்னிரண்டு. ஆகவே உடலிலும் பன்னிரண்டு. ஆண்டுக்கு நாள் 365. ஆகவே உடலிலும் புள்ளி 365. உடலை அறுத்துப் பார்த்து எண்ணிய எண்ணிக்கையா இது? ஆற்றையும் நாள்காட்டியையும் பார்த்து எண்ணிய எண்ணிக்கை!

அக்காலத்து அறிஞர்களை இதற்காக நாம் இகழ வேண்டுவதில்லை. குருதி உடலெங்கும் சுற்றி வருகிறது என்பதை வில்லியம் ஆர்வி என்ற ஆங்கில மருத்துவர் 1628இல்தான் எழுதினார். அதற்கு ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு முன், கண்ணுக்குத் தெரிந்த இயற்கையைக் கொண்டு கண்ணுக்குத் தெரியாத உடலை விளக்க முயன்றவர்கள் அவர்கள். வாய்க்கால் அடைபட்டால் வயல் காயும் என்று கண்ட உழவர் நாகரிகம், உடலையும் வாய்க்காலாகக் கண்டது. அன்று அது அறிவின் முயற்சி. இன்று அதையே முடிந்த முடிவென்று நம்பினால்தான் அது மடமை.

நம் நாட்டுச் சித்த மருத்துவத்திலும் ஐம்பூதம் உண்டு. நிலம், நீர், தீ, காற்று, வெளி என்பவை அவை. சீனத்து ஐம்பூதத்தில் காற்றும் இல்லை, வெளியும் இல்லை. மரமும் உலோகமும் இருக்கின்றன. கடலூரில் வாழ்பவன் உடலும் சாங்சாவில் வாழ்பவன் உடலும் ஒரே தசை, ஒரே நரம்பு, ஒரே எலும்பால் ஆனவை. இரண்டு பட்டியலும் அவ்வுடலின் உண்மைப் படமாக இருக்க முடியுமா? இரண்டும் அவ்வக்காலத்து மாந்தர் வரைந்த எண்ணப் படங்கள் என்று கொள்வதே நேர்மை.

சிதம்பரம் கோயிலிலே இரகசியம் ஒன்று காட்டுவார்கள். திரையை விலக்குவார்கள், பொன்னால் ஆன வில்வ இலை மாலை தொங்கும், பின்னே வெட்டவெளி. உருவமற்றதே அங்குள்ள உருவம் என்பது பக்தர் விளக்கம். சமயத்தில் அப்படிச் சொல்லித் தப்பலாம். மருத்துவத்தில் தப்ப முடியாது. அக்கோயிலுக்கு அப்பால் அண்ணாமலை நகரில் 1985இல் தொடங்கி இன்று அரசு மருத்துவக் கல்லூரியாக நடைபெறும் நிறுவனம் இருக்கிறது. அத்தகைய கல்லூரிகளின் மேசைகளில் உடலைப் பிரித்துப் பயிலும் மாணவர் நரம்பைக் காண்கின்றனர், நாளத்தைக் காண்கின்றனர், நிணநீர்க் குழாயைக் கூடக் காண்கின்றனர். 'சி' ஓடும் பாதையைக் கண்டவர் எவருமில்லை. நுண்ணோக்கியும் காட்டவில்லை. திரையை விலக்கினால் அங்கும் வெட்டவெளியே!

இந்த ஐயம் நமக்குப் புதிதாகத் தோன்றியதன்று. சீனரே நமக்கு முன் ஐயுற்றனர். 1822இல் பேரரசர் தாவோகுவாங், அரண்மனை மருத்துவக் கழகத்தில் குத்தூசி மருத்துவம் கற்பிப்பதை நிறுத்த ஆணையிட்டார். 1929 பிப்ரவரியில், செங்கல்பட்டில் முதல் சுயமரியாதை மாநாடு கூடிய அதே திங்களில், யூ யுன்சியு என்ற மருத்துவர் பழைய மருத்துவத்தையே ஒழிக்க வேண்டும் என்று சீனக் குடியரசின் சுகாதாரக் குழுவின் முன் திட்டம் வைத்தார். பழைய மருத்துவர்கள் கொதித்தெழுந்தனர், மார்ச்சு 17இல் மாநாடு கூட்டினர், திட்டம் கைவிடப்பட்டது. இரு நாடுகள், ஒரே திங்கள், பழமையை நோக்கி ஒரே வகைக் கேள்வி!

அக்கேள்வியை இலக்கியமாக்கியவர் லூ சுன். அவர் தந்தை உடல் வீங்கும் நோயில் வீழ்ந்து 1896இல் மறைந்தார். அந்நோய்க்கு ஊர் மருத்துவர்கள் கேட்ட பொருள்களைத் 'தந்தையின் நோய்' என்ற கட்டுரையில் அவர் விவரிக்கிறார். மூன்றாண்டு உறைபனி கண்ட கரும்பு வேண்டுமாம். நெல்லிக்குப்பத்துக் கரும்புத் தோட்டத்தில் தேடினாலும் கிடைக்காத சரக்கு அது! இணை பிரியாத சுவர்க்கோழி இரண்டு, அதுவும் ஒரே வளையில் வாழ்ந்தவை வேண்டுமாம். வயிறு முரசுபோல் வீங்கியதால், கிழிந்த பழைய முரசின் தோலில் செய்த மாத்திரை வேண்டுமாம். ஆறு பன்னிரண்டு என்பதால் பாதையும் பன்னிரண்டு என்றதற்கும், முரசு வீக்கத்துக்கு முரசுத் தோல் என்றதற்கும் அடியில் ஓடுவது ஒரே எண்ணம்: ஒன்று மற்றொன்றைப் போலிருந்தால் ஒன்று மற்றொன்றை ஆளும் என்ற எண்ணம். லூ சுன் அதை விளக்கவில்லை. மருந்துப் பட்டியலை மட்டும் வரிசையாகச் சொல்கிறார். படிப்பவன் முதலில் சிரிக்கிறான். படுக்கையிலே கிடப்பது ஒரு சிறுவனின் தந்தை என்பது நினைவுக்கு வந்ததும் சிரிப்பு உறைகிறது.

1919இல் அவர் எழுதிய 'மருந்து' என்ற சிறுகதை இன்னும் கொடிய வெளிச்சம். தேநீர்க்கடை நடத்தும் கிழவனுக்கு எலும்புருக்கி நோய் கண்ட மகன். கொலைக்களத்தில் தலை வெட்டுண்டவனின் குருதியில் தோய்த்த அப்பம் அந்நோயைத் தீர்க்கும் என்பது ஊர் நம்பிக்கை. சிறுகச் சிறுகச் சேர்த்த வெள்ளியைக் கொடுத்து விடியற்காலையில் அந்த அப்பத்தை வாங்கி வருகிறான் தந்தை. மகன் உண்கிறான், இறக்கிறான். வெட்டுண்டவன் யார்? அம்மக்களின் விடுதலைக்காகப் போராடிய இளைஞன்! கதையின் முடிவில் இரு தாய்மார் இடுகாட்டில் சந்திக்கின்றனர். ஒருத்தியின் மகன் மருந்தை உண்டவன். மற்றொருத்தியின் மகன் மருந்தாக்கப்பட்டவன். மூடநம்பிக்கை இருவரையும் விழுங்கிவிட்டது. கிழவன் தீயவனல்லன், மகன்மீது அன்பு கொண்டவன். அவனுடைய அன்பையே மடமை விலை பேசியது என்பதில்தான் கதையின் வலி இருக்கிறது. துண்டறிக்கையை நம்பிச் செல்லும் நம் ஊர்த் தாய் தந்தையரும் இத்தகைய அன்பினர்தாம். அவர்களை ஏளனம் செய்யும் உரிமை நமக்கில்லை என்பதை இக்கதை கற்பிக்கிறது.

ஆயினும் திறனாய்வு என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். லூ சுன் மடமையைச் சுட்டார். யூ யுன்சியு தடை கேட்டார். சுடுவதும் தடுப்பதும் சோதிப்பதாகாது. கோட்பாடு பொய்யாயினும், ஊசி குத்துவதால் உடலில் ஏதேனும் நிகழ்கிறதா? இந்தக் கேள்வி அவர்கள் காலத்தில் விடையின்றியே நின்றது. விடை தேடும் முறை பிறகுதான் வளர்ந்தது.

அதற்குள் அரசியல் முந்திக்கொண்டது. 1949இல் புதிய சீனம் பிறந்தபோது மக்கள் கோடிக்கணக்கில். புதிய முறை பயின்ற மருத்துவரோ மிகச் சிலர். இருப்பதைக் கொண்டு நாட்டைக் காக்க வேண்டிய நிலை. பழைய மருத்துவரையும் சேர்த்துக்கொண்டனர். பழைய மருத்துவம் ஒரு பெருங்கருவூலம் என்று மா சே துங் 1958இல் போற்றினார். ஆனால் தாம் அம்மருந்துகளை உட்கொள்வதில்லை என்று மா சொன்னதாக, அவருடைய மருத்துவர் லி சுசுய் 1994இல் வெளியான தம் நூலில் எழுதினார். ஊருக்கு உபதேசம் என்ற பழமொழி நமக்கு மட்டும் சொந்தமில்லை போலும்!

1971 சூலையில் அமெரிக்கச் செய்தியாளர் சேம்சு ரெஸ்டன் பீகிங்கில் இருந்தபோது குடல்வால் அழற்சி கண்டு அறுவை செய்யப்பட்டார். அவர் எழுதிய கட்டுரை சூலை 26இல் 'நியூயார்க் டைம்ஸ்' ஏட்டில் வந்தது. ஊசி குத்தியே வலியின்றி அவர் வயிற்றை அறுத்தனர் என்று இன்றும் பலர் மேடையேறிச் சொல்கின்றனர். அவர் எழுதியது அதுவன்று. உணர்ச்சி நீக்கும் ஊசி மருந்து செலுத்தித்தான் அறுவை நடந்தது. பிறகு வயிற்றில் உண்டான உப்புசத்துக்கே முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழும் ஊசி குத்தினர். கண்ணால் கண்டவர் எழுதிய ஏடு கையிலிருக்கவே, செய்தி இப்படித் திரிகிறதென்றால், ஈராயிரம் ஆண்டுப் பழங்கதை எவ்வளவு திரிந்திருக்கும்!

நம் நாட்டுக்கு இம்மருத்துவம் வந்த வழி தொண்டின் வழி. 1938இல், சப்பானியப் படையெடுப்பால் துன்புற்ற சீன மக்களுக்கு உதவ இந்தியாவிலிருந்து ஐந்து மருத்துவர் சென்றனர். அவருள் துவாரகாநாத் கோட்னிசு 1942இல் அங்கேயே உயிர் நீத்தார். உடன் சென்ற பி. கே. பாசு 1958இல் மீண்டும் சீனம் சென்று குத்தூசி மருத்துவம் பயின்று, அடுத்த ஆண்டு முதல் கல்கத்தாவில் அதைச் செய்து காட்டினார். மேற்கு வங்கம் 1996இல் சட்டம் இயற்றியது; மராட்டிய மாநிலம் 2015இல் இயற்றியது. இந்திய அரசு 2003இல் ஒரு சிகிச்சை வழிமுறையாகவும், 2019இல் தனி மருத்துவ முறையாகவும் ஏற்றது. பாசுவின் தொண்டு போற்றத்தக்கது. ஆனால் தொண்டன் கொண்டு வந்தான் என்பதோ, சட்டமன்றம் ஏற்றது என்பதோ உண்மைக்குச் சான்றாகிவிடாது. பஞ்சாங்கத்தைக்கூட அரசு அச்சிடுகிறது!

சான்று எது? சோதனை. அதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. எலும்புருக்கி நோயாளியைத் தனி விடுதியில், நல்ல காற்றும் ஊட்டமும் ஓய்வும் தந்து வைத்தால்தான் குணமாகும் என்று உலகம் நம்பிய காலம். 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு நடுவம் அந்நம்பிக்கையைச் சோதித்தது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவு விடுதிக்கு. மற்றொரு பிரிவு தம் எளிய வீட்டுக்கே. இருவர்க்கும் ஒரே மருந்து. 1959இல் முடிவு வெளியாயிற்று. குடிசையில் இருந்து மருந்துண்ட ஏழைகளும் விடுதியில் இருந்தோரைப் போலவே குணமடைந்திருந்தனர். உலகம் தன் பழக்கத்தை மாற்றிக்கொண்டது. பழையது என்றும் புதியது என்றும் பாராமல், பெரியவர் சொன்னார் என்றும் பாராமல், ஒப்பிட்டுப் பார்த்து உண்மை காண்பதே அந்த முறை.

ஊசிக்கும் அம்முறையைக் கையாண்டனர். ஒரு தொல்லை இருந்தது. மாத்திரையென்றால் மருந்தில்லாப் போலி மாத்திரை தரலாம். ஊசிக்குப் போலி எங்கே போவது? 1998இல் செருமானியர் வழி கண்டனர். நாடக மேடைக் கத்தி போன்ற ஊசி! அழுத்தினால் முனை கைப்பிடிக்குள் ஒளிந்துகொள்ளும். தோலைத் தொடும், துளைக்காது. நோயாளிக்குக் குத்தியதுபோலவே தோன்றும். நூல் கூறும் புள்ளியை விட்டு வேறிடத்தில் மேலோட்டமாகக் குத்துவது இன்னொரு போலி முறை.

நாட்பட்ட இடுப்பு வலியுடைய 1,162 பேரை வைத்துச் செருமனியில் நடத்திய பேராய்வு 2007இல் வெளியாயிற்று. ஆறு திங்களுக்குப் பின், மருந்தும் உடற்பயிற்சியும் கொண்ட வழக்கமான சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு 27.4 பேர் நலம் கண்டனர். உரிய புள்ளியில் ஊசி பெற்றோரில் 47.6 பேர். ஆகா, வெற்றி என்று குதிக்கும் முன் மூன்றாம் எண்ணையும் பாருங்கள். வேண்டுமென்றே புள்ளியை விட்டு வேறிடத்தில் மேலோட்டமாகக் குத்தப்பட்டோரில் 44.2 பேர்! ஓடுபாதையும் புள்ளியும் உண்மையாயின் இவ்விரண்டும் இப்படி ஒட்டி வருமா?

2012இல், நாட்பட்ட வலி பற்றிய 29 ஆய்வுகளின் 17,922 நோயாளர் கணக்கை ஒன்று சேர்த்துப் பார்த்தனர். வலியை நூறு அளவாகக் கொண்டு, தொடக்கத்தில் 60 என்று வைத்துக்கொண்டால், ஊசியே பெறாதவர்க்கு அது 43 ஆகும். போலி ஊசி பெற்றவர்க்கு 35. உண்மை ஊசி பெற்றவர்க்கு 30. உண்மை ஊசிக்கும் போலிக்கும் இடையே வேறுபாடு உண்டு, அது சிறிது. பெரும்பகுதி, ஒருவர் கனிவோடு உட்கார்ந்து கேட்டதாலும், குணமாகும் என்று நம்பியதாலும், காலம் கழிந்ததாலும் வந்தது.

அந்தச் சிறு பங்கு எப்படி வருகிறது? ஊசி தசையில் இறங்கும்போது கனத்தல், மரத்தல் போன்ற உணர்வு எழுகிறது. அது நரம்பின் வேலை. செய்தி தண்டுவடம் வழியே மூளைக்குச் செல்கிறது. மூளை எண்டார்பின் போன்ற, தன்னுடைய வலி தணிக்கும் பொருள்களைச் சுரக்கிறது. 1977இல் அமெரிக்காவில், பல்வலி உண்டாக்கி ஊசியால் தணித்தவர்களுக்கு, அப்பொருளின் செயலைத் தடுக்கும் நலோக்சோன் மருந்தைச் செலுத்தினர். தணிந்த வலி மீண்டது. 2010இல் எலிகளில் நடத்திய ஆய்வு, குத்திய இடத்தில் அடினோசின் என்ற பொருள் பெருகி வலியைக் குறைப்பதைக் காட்டியது. அறுவைக்குப் பின் வரும் குமட்டலைக் குறைப்பதிலும், மணிக்கட்டின் உட்புறப் புள்ளியைத் தூண்டுவதற்குப் பயன் உண்டென்று ஆய்வுகள் கூறுகின்றன. நரம்பு உண்டு, மூளை உண்டு, வேதிப்பொருள் உண்டு. திரைக்குப் பின்னால் வெட்டவெளி. திரைக்கு முன்னால் உண்மையான உடல்!

ஆகவே வலி என்ற எல்லைக்குள் ஊசிக்குச் சிறிது இடம் உண்டு. அந்த இடம் நமக்கு அற்பமானதன்று. கரும்பு வெட்டுபவனின் இடுப்பு, பண்ருட்டியில் முந்திரி உடைப்பவளின் கழுத்து, முதுநகர்த் துறையில் வலை இழுப்பவனின் தோள், நெய்வேலிச் சுரங்கத்தானின் முழங்கால் ஆகியவை நாள்தோறும் வலிப்பவை. பயின்றவர் கையால், ஒரே முறை பயன்படுத்தி எறியும் தூய ஊசியால், அவ்வலி சிறிது தணியுமாயின் நமக்கு மகிழ்ச்சியே. தூய்மையற்ற ஊசி மஞ்சட்காமாலை பரப்பும். மார்பில் ஆழக் குத்தினால் நுரையீரல் துளைபடும். இவையும் நடந்துள்ள தீங்குகளே.

ஆனால் துண்டறிக்கை வலியோடு நிற்கிறதா? நீரிழிவு தீரும் என்கிறது; மாத்திரையை நிறுத்து என்கிறது. எல்லாவற்றுக்கும் உடலின் கழிவுத் தேக்கமே காரணம் என்கிறது. இங்கேதான் ஊசி கத்தியாகிறது! இன்சுலின் சுரப்பே அற்றுப்போன குழந்தைக்கு இன்சுலின்தான் உயிர். 1922இல் அது முதன்முதலாக மனிதனுக்குச் செலுத்தப்படும் வரை அந்நோய் சாவோலை. எந்தப் புள்ளியைத் தொட்டாலும் அழிந்த செல் இன்சுலின் சுரக்காது. காசநோய்க்கு மருந்தை இடையில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காததாகித் திரும்பும். வீட்டிலுள்ள பிள்ளைக்கும் பரவும். வெறிநாய்க் கடிக்குத் தடுப்பூசியைத் தள்ளிப்போட்டு நோய் வெளிப்பட்டுவிட்டால் மீட்சி அரிது. லூ சுன் கதையின் குருதி அப்பத்துக்கும், மருந்தை நிறுத்தச் சொல்லும் இந்த அறிவுரைக்கும் என்ன வேறுபாடு? அப்பம் கண்ணுக்குத் தெரிந்தது. இந்த ஆற்றல் அதுவுமில்லை.

'தமிழன்தான் இதைச் சீனனுக்குத் தந்தான்; காஞ்சியிலிருந்து சென்ற போதிதருமன் நம் வர்மக்கலையைக் கற்பித்தான்' என்று பெருமையோடு பேசுவோரும் உளர். 2011இல் வந்த திரைப்படமொன்று போதிதருமனைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டு சேர்த்தது. வரலாற்றைக் கேட்போம். ஆறாம் நூற்றாண்டுச் சீன நூலொன்று அவரைப் பாரசீகர் என்கிறது. மற்றொரு பழங்குறிப்பு தென்னிந்தியர் என்கிறது. எவராயினும், அவர் சென்றது ஐந்து ஆறாம் நூற்றாண்டளவில். மாவாங்துய் பட்டு நூல்களோ அவருக்கு அறுநூறு ஆண்டுக்கு முன்பே மண்ணுக்குள் போய்விட்டவை! நம் வர்ம நூல்கள் 108 வர்மங்களைப் பேசுகின்றன. படுவர்மம் 12, தொடுவர்மம் 96. அடிபட்டால் ஆபத்தாகும் இடங்களை அடிதடியின் பட்டறிவால் அறிந்த கலை அது. அதையும் இதே தராசில் நிறுத்துச் சோதிப்போம். நம்முடையது என்பதற்காக ஒரு பொய் மெய்யாகாது; பிறருடையது என்பதற்காக ஒரு மெய் பொய்யாகாது. தாய்மொழிப் பற்று நமக்கு உண்டு. அதைப் பொய்க்கு முட்டுக் கொடுக்கும் கம்பாக்கலாகாது. காதுமடலில் உடல் முழுதும் தலைகீழாக இருக்கிறது என்று காட்டும் காதூசிப் படம் இன்று சீனப் பழமையாக விற்கப்படுகிறது. அதை 1950களில் வரைந்தவர் போல் நோசியே என்னும் பிரெஞ்சு மருத்துவர்! பழமை என்ற முத்திரையும் எவ்வளவு எளிதாகக் குத்தப்படுகிறது, பார்த்தீர்களா?

தோழர்களே! நீங்கள் படிப்பகத்தில் கூடும்போது, துண்டறிக்கை கொண்டு வருபவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். கேள்விகளை மட்டும் கேளுங்கள். எந்த நோய்க்கு இது? போலி ஊசியோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்களா? எத்தனை பேரில் எத்தனை பேர் குணமடைந்தனர். குணமடையாதவர் கணக்கு எங்கே? உண்டுவரும் மருந்தை நிறுத்தச் சொல்கிறீர்களா? நோய் முற்றினால் பொறுப்பு யாருக்கு? உங்கள் சொல் தவறென்று எது நடந்தால் ஒப்புக்கொள்வீர்கள்? கடைசிக் கேள்வியே தலையாயது. எது நடந்தாலும் தவறாகாத கோட்பாடு, எதையும் சொல்லாத கோட்பாடு. குணமானால் ஆற்றல் பாய்ந்தது; ஆகாவிட்டால் நோயாளியின் நம்பிக்கை குறைவு என்பவனுக்கும், வரம் கிடைக்காததற்குப் பக்தியின் குறையைக் காட்டும் பூசாரிக்கும் உடையில்தான் வேறுபாடு.

இக்கேள்விகளை வெள்ளைச் சட்டை மருத்துவரிடமும் கேளுங்கள். தேவையற்ற ஊசியும் தேவையற்ற அறுவையும் அங்கும் உண்டு. ஐந்து நிமிடம் நோயாளியின் சொல்லைக் கேட்க மாட்டாத மருத்துவமனையின் அலட்சியமே, அரை மணி நேரம் கையைப் பிடித்துப் பேசும் ஆற்றல் வணிகனிடம் ஏழையைத் தள்ளுகிறது. அந்தக் கனிவும் அரசு மருத்துவமனையில் கிடைக்க வேண்டும் என்று கேட்பதும் பகுத்தறிவுப் பணியே.

நெல் மண்டியிலும் குத்தூசி உண்டு. மூட்டை எவ்வளவு அழகாகத் தைக்கப்பட்டிருந்தாலும், எந்தப் பெரிய பண்ணையின் முத்திரை அதன்மேல் இருந்தாலும், வாங்குபவன் பக்கவாட்டில் ஒரு குத்துக் குத்தி உள்ளிருக்கும் மணியைக் கையிலெடுத்துப் பார்க்கிறான். பதராயிருந்தால் தள்ளுகிறான், மணியாயிருந்தால் விலை பேசுகிறான். குருசாமியின் குத்தூசி செய்த வேலையும் அதுவே. சீனத்து மூட்டையானாலும் செந்தமிழ் மூட்டையானாலும் குத்திப் பாருங்கள். அதிலே ஒரு பிடி மணி இருக்கிறது. மூட்டை நிறையப் பதரும் இருக்கிறது. மணிக்குரிய விலையை மட்டும் கொடுங்கள். பதருக்கு உயிரை விலையாகக் கொடுக்காதீர்கள்!